20 வயதில் உங்கள் எடை என்ன? அதற்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு கிலோவும் உடலுக்குள் என்ன செய்கிறது?

ஒரு சின்ன கணக்கோடு ஆரம்பிக்கலாம். கல்லூரி கடைசி ஆண்டில் உங்கள் எடை எவ்வளவு இருந்தது? இன்றைக்கு எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அந்த ஓர் எண்ணைப் பற்றியதுதான்.

அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. அன்றைய எடை, உயரம், பி.எம்.ஐ ஆகியவை இருக்கும். பக்கத்தில் 'நார்மல்' என்று போட்டிருந்தால் நாமும் அந்த பி.டி.எஃப்-ஐ மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அடுத்த வருடம் ஒரு கிலோ கூடியிருக்கும். அப்போதும் 'நார்மல்'தான்.

170 செ.மீ உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 21 வயதில் 60 கிலோ. பி.எம்.ஐ 20.8. இப்போது அவருக்கு 35 வயது, எடை 70 கிலோ, பி.எம்.ஐ 24.2. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுகோல்படி 25-க்குக் கீழே இருப்பதால் இவர் இன்றும் 'நார்மல்'. ஆனால் 14 ஆண்டுகளில் அவர் உடலில் 10 கிலோ கூடியிருக்கிறது. அந்த 10 கிலோவுக்கு ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல், கொழுப்பு என்று எல்லாவற்றோடும் தொடர்பு உண்டு.

ஏறிய எடையை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

ஏறத்தாழ 20 வயதோடு உயரம் நின்றுவிடுகிறது. எலும்பும் தசையும் வளரும் காலமும் பெரும்பாலும் அதோடு முடிகிறது. ஜிம்முக்குப் போய் முறையாக எடை தூக்குபவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு அதற்குப் பிறகு கூடும் எடையில் பெரும்பகுதி கொழுப்புதான். அதனால்தான் பிறவியிலேயே கொஞ்சம் பருமனான உடல்வாகு கொண்டு 70 கிலோவில் நிலையாக இருப்பவரும், 60-லிருந்து 70-க்கு வந்தவரும் எடை மெஷினில் ஒரே எண்ணைக் காட்டினாலும் உடலுக்குள் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதை நீண்ட காலம் கவனித்தவை அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆய்வுகள். ஒன்று 1976-ல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வு, இன்னொன்று 1986-ல் தொடங்கிய ஆண் மருத்துவத் துறையினர் ஆய்வு. பல்லாயிரம் பேரிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடை, உணவு, நோய் விவரங்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

செவிலியர் ஆய்வில் 1,14,281 பெண்களை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகள் 1995-ல் வெளிவந்தன. 18 வயதுக்குப் பிறகு 5 முதல் 8 கிலோ வரை கூடியவர்களுக்கு, எடை நிலையாக இருந்தவர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து 1.9 மடங்காக இருந்தது. 8 முதல் 11 கிலோ கூடியவர்களுக்கு 2.7 மடங்கு. 5 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களுக்கு ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு பகுப்பாய்வு வந்தது. 18 முதல் 55 வயதுக்குள் பெண்கள் சராசரியாக 12.6 கிலோ கூடியிருந்தார்கள். ஆண்கள் 21 முதல் 55 வயதுக்குள் 9.7 கிலோ. கூடிய ஒவ்வொரு 5 கிலோவுக்கும் சர்க்கரை நோய் ஆபத்து 30%, உயர் ரத்த அழுத்த ஆபத்து 14%, இதய, ரத்தநாள நோய் ஆபத்து 8% அதிகமாக இருந்தது.

இந்த சதவீதங்களைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். '30% அதிகம்' என்றால் 100 பேரில் 30 பேருக்கு நோய் வரும் என்று அர்த்தமில்லை. எடை கூடாத 100 பேரில் 10 பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், 5 கிலோ கூடியவர்களில் 13 பேருக்கு வரும். அவ்வளவுதான். ஆனால் அந்த அடிப்படை எண் பெரிதாகப் பெரிதாக, அதே 30%-க்குள் அடங்கும் ஆட்களின் எண்ணிக்கையும் பெரிதாகும். இந்தியாவில் அந்த அடிப்படை எண் ஏற்கெனவே பெரியது.

இன்னொன்று, இவை கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகள். 18 வயது எடையைப் பலர் ஞாபகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர்கள். அதனால் இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. நமக்கு எப்படிப் பொருந்தும் என்பதைத்தான் அடுத்து பார்க்கப் போகிறோம்.

ஒரே பி.எம்.ஐ, இரண்டு உடல்கள்

2004-ல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இன்னொருவர் புனே கே.இ.எம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ ஒன்றே: 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1%, யாக்னிக்குக்கு 21.2%. ஆளைப் பார்த்தால் தெரியாது, உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

தெற்காசிய உடலின் இந்த அமைப்பை ஆராய்ச்சியாளர்கள் 'ஒல்லியான தோற்றம், உள்ளே கொழுப்பு' என்கிறார்கள். நமக்குத் தசை குறைவு. கொழுப்பு தோலுக்கு அடியில் சேர்வதைவிட வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேர்வது அதிகம். இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021-ல் வந்த ஓர் ஆய்வு இதை ஒரே வரியில் சொல்கிறது. வெள்ளை இனத்தவருக்கு பி.எம்.ஐ 30-ல் இருக்கும் சர்க்கரை நோய் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது.

மேலே பார்த்த 70 கிலோ நண்பரின் பி.எம்.ஐ 24.2. இந்த ஆய்வின்படி அவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

இந்தியாவுக்கான அளவுகோல் தனி. 2009-ல் இந்திய மருத்துவ நிபுணர்கள் ஒருமித்து வகுத்த வரையறைப்படி பி.எம்.ஐ 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ-க்கும், பெண்களுக்கு 80 செ.மீ-க்கும் கீழே இருக்க வேண்டும். 170 செ.மீ உயரம் என்றால் 66.5 கிலோவிலேயே 'அதிக எடை' தொடங்கிவிடுகிறது. உங்கள் ரிப்போர்ட் எந்த அளவுகோலை வைத்து 'நார்மல்' என்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ஏறும் கொழுப்பு எங்கே போகிறது?

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை ஒரு குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உபரியாக வரும் சரக்கை அங்கே அடுக்கிவைக்கும்வரை பெரிய பிரச்னை இல்லை. ஆனால் குடோனின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு 95 கிலோவில் நிரம்பும், இன்னொருவருக்கு 65 கிலோவிலேயே நிரம்பிவிடும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் இதை 'தனிநபர் கொழுப்பு வரம்பு' என்கிறார். உங்கள் வரம்பு உங்களுடையது. பக்கத்து சீட்டுக்காரர் உங்களைவிட 20 கிலோ அதிகமாக இருந்தும் அவருக்குச் சர்க்கரை இல்லை, உங்களுக்கு மட்டும் எல்லையில் நிற்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

குடோன் நிரம்பிய பிறகு வரும் கொழுப்பு முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்கே கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்காது. 'போதும், சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து' என்று இன்சுலின் சொன்னாலும் அது ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்கக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். இந்தக் கட்டத்தில் உங்கள் சர்க்கரை அளவு நார்மலாகத்தான் இருக்கும். பின்னணியில் கணையம் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பது ரிப்போர்ட்டில் தெரியாது.

இதற்கிடையே கல்லீரல் தன்னிடம் மிஞ்சிய கொழுப்பை ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்பும். நல்ல கொழுப்பான எச்.டி.எல் குறையும். இன்சுலின் அதிகமாக இருந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும், ரத்த அழுத்தம் ஏறும். கடைசியில் கணையத்திலும் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சுரப்பு தளரும்போதுதான் சர்க்கரை அளவு வெளிப்படையாக ஏறத் தொடங்கும். வெளியே தெரியும்போது உள்ளே பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

இந்திய எண்கள் என்ன சொல்கின்றன?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பி.எம்.ஐ 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 2015-16-ல் 20.6%. 2019-21-ல் 24%. ஆண்களில் இது 18.9%-லிருந்து 22.9% ஆனது. தமிழ்நாட்டில் இன்னும் அதிகம்: பெண்களில் 40.4%, ஆண்களில் 37%.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாட்டில் 18.7% பெண்களும் 16.2% ஆண்களும் இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவாக இருக்கிறார்கள். 20 வயதில் 42 கிலோவோடு ரத்தசோகையில் இருந்த ஒருவர் இன்று 50 கிலோ இருந்தால் அது நல்ல செய்தி. ஏறிய எடை என்ற எண்ணை எப்போதும் தொடங்கிய எடையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. 1,13,043 பேரிடம் எடுத்த தரவு அது. 11.4% பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது சுமார் 10.1 கோடி பேர். 15.3% பேர், அதாவது 13.6 கோடி பேர், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில். 35.5% பேருக்கு உயர் ரத்த அழுத்தம். 81.2% பேருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதோ ஒன்று சரியில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு எண்கள் உண்டு. பி.எம்.ஐ-படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6%. இடுப்புச் சுற்றளவுப்படி 39.5%. பி.எம்.ஐ-யை மட்டும் பார்த்தால் தொப்பை விழுந்தவர்களில் ஒரு பெரிய கூட்டம் கண்ணில் படாமலே போய்விடும் என்பதைத்தான் இந்த இடைவெளி காட்டுகிறது.

உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களிடம் நிலைமை எப்படி? ஹைதராபாத் ஐ.டி ஊழியர்கள் 345 பேரிடம் நடத்தப்பட்டு 2025-ல் வெளியான ஆய்வில் 84% பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது. ஒரே நகரம், 345 பேர் என்பதால் நாட்டின் எல்லா ஐ.டி ஊழியர்களுக்கும் இதே சதவீதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் முப்பதுகளில் இருக்கும் அலுவலகக் கூட்டத்துக்கு இது சாதாரண எண்ணும் இல்லை.

'30 வயசானா மெட்டபாலிசம் ஸ்லோ ஆகிடும்' – உண்மையா?

எல்லோரும் சொல்லும் காரணம் இது. 2021-ல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. 29 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறத்தாழ மாறவே இல்லை. அதன் பிறகுதான் ஆண்டுக்கு 0.7% வீதம் குறைகிறது.

அப்போ எடை ஏறுவது ஏன்? கொஞ்சம் கொஞ்சமாகத்தான். 1,20,877 அமெரிக்கர்களின் தரவை வைத்து 2011-ல் வந்த ஆய்வில் நான்கு ஆண்டுகளுக்குச் சராசரியாக 1.5 கிலோ கூடியது. அதாவது ஆண்டுக்கு அரை கிலோகூட இல்லை. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆண்டுக்கு அரை கிலோவை 365 நாளுக்குப் பிரித்தால், உடலில் சேரும் உபரி நாளுக்குப் பத்து கலோரி சொச்சம். ஒரு ஸ்பூன் சர்க்கரையைவிடக் குறைவு. இவ்வளவு மெதுவாக நடப்பதால்தான் எந்த வருடமும் நமக்கு உறைப்பதில்லை. பழைய பேண்ட் இறுக்கமாகும், புதுசு வாங்கிக்கொள்வோம்.

மாறியது நம் நாள். கல்லூரியில் நடந்தோம், பஸ்ஸுக்கு ஓடினோம், மாலையில் விளையாடினோம். இப்போது லேப்டாப், கேப், லிஃப்ட், இரவு 11 மணிக்கு வரும் டெலிவரி, குறைந்த தூக்கம். 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் என்கிறது லான்செட் குளோபல் ஹெல்த் ஆய்வு. பெண்களில் 57%, ஆண்களில் 42%. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் தரவு காட்டுகிறது. தட்டில் சோறு அதே அளவு, உழைப்பு மட்டும் பாதி.

இன்னொரு மறைமுகக் கணக்கும் உண்டு. பயிற்சி இல்லாவிட்டால் முப்பதுகளிலிருந்தே தசை மெல்லக் குறையத் தொடங்கும். தசை ஒரு கிலோ போய், கொழுப்பு ஒரு கிலோ வந்தால் எடை மெஷின் எதையும் காட்டாது. 'என் வெயிட் பத்து வருஷமா மாறவே இல்லை' என்பவர்களும் இடுப்பை அளந்து பார்ப்பது நல்லது.

பெண்களுக்குச் சில தனிக் காரணங்கள். பிரசவத்துக்குப் பிறகு இறங்காமல் தங்கிவிடும் எடை, பி.சி.ஓ.எஸ், தைராய்டு. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்றால் அதை மறந்துவிடாதீர்கள். பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு அதிகம். தொடர்ந்து பரிசோதனை வேண்டும்.

குறைத்தால் எவ்வளவு பலன்?

எடை ஏறியதால் வந்த ஆபத்தில் பெரும்பகுதியைத் திருப்ப முடியும். அதற்கு 20 வயது எடைக்கே திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. உடல் எடையில் 7% குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58% குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31%. பின்னர் செய்த கணக்கில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து 16% இறங்கியிருந்தது. 70 கிலோக்காரருக்கு 7% என்றால் 5 கிலோ. ஒரு வருடத்தில் எட்டக்கூடிய எண்தான்.

சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்திய இந்திய ஆய்வு 2006-ல் வந்தது. அதில் ஒரு வித்தியாசமான விஷயம் இருக்கிறது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் சர்க்கரை நோய் வருவது 28.5% குறைந்தது. ஆனால் அவர்களுடைய எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை.

அதாவது நடப்பதும், உணவை மாற்றுவதும் எடை மெஷினில் தெரியாவிட்டாலும் உள்ளே வேலை செய்கின்றன. உழைக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, இன்சுலினின் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது. 'மூணு மாசமா வாக்கிங் போறேன், ஒரு கிலோகூட குறையல' என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. அவர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு இது.

ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு? இங்கிலாந்தில் 298 பேரிடம் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் தீவிரமாக எடை குறைக்க உதவினார்கள். ஓர் ஆண்டில் 46% பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86% பேர். இதை வீட்டில் சொந்தமாக முயலக் கூடாது. குறிப்பாக மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் திடீரென உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

ஊசி போட்டால் போதுமா?

மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பசியைக் குறைத்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இவை. எடையைக் கணிசமாகக் குறைக்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. மருத்துவரின் பரிந்துரையோடு தேவைப்படுபவர்களுக்கு இவை உதவும்.

எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. வீகோவியில் இருக்கும் செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டில், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது என்று அதன் மருத்துவ ஆய்வின் தொடர்ச்சியே காட்டியது. எடையோடு சேர்ந்து குறைந்த ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற பலன்களும் பெரும்பாலும் பழைய நிலையை நோக்கித் திரும்பின. கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எந்த வழியில் எடை குறைந்தாலும் கொழுப்போடு கொஞ்சம் தசையும் போகும். ஏற்கெனவே தசை குறைவான நமக்கு அது நஷ்டம். போதுமான புரதமும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் இல்லாமல் எடையை மட்டும் குறைப்பது அரைகுறை வேலை.

எடை தானாகக் குறைந்தால் சந்தோஷப்படலாமா?

கூடாது. எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் உடல் எடையில் 5%-க்கு மேல் குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய், சில புற்றுநோய்கள், மனச்சோர்வு என எதுவும் காரணமாக இருக்கலாம். 'இளைச்சுட்டியே, சூப்பர்' என்ற பாராட்டில் இதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

உங்கள் கணக்கை நீங்களே போடுவது எப்படி?

ஒன்று, பழைய எடையைத் தேடுங்கள். முதல் வேலையில் சேரும்போது எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட், ரத்ததான அட்டை, இன்ஷூரன்ஸ் விண்ணப்பம் என எங்காவது பதிவாகியிருக்கும். இன்றைய எடையிலிருந்து அதைக் கழியுங்கள். பி.எம்.ஐ நார்மலாக இருந்தாலும் 5 கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் கவனிக்கத் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டு, இடுப்பை அளங்கள். பேண்ட் சைஸை நம்பாதீர்கள், அதைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை எக்காதீர்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ என்பது எல்லை.

மூன்று, ஐந்து எண்களைச் சேர்த்துப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு மேலே சொன்ன எல்லையைத் தொடுவது, ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்.டி.எல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ், ரத்த அழுத்தம் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் மருத்துவத்தில் அதற்கு 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று பெயர். ஒவ்வொன்றும் 'லேசாகத்தான் கூடியிருக்கு' என்று தனித்தனியாக விட்டுவிடும்போது இந்தக் கூட்டணி கண்ணில் படாது.

நான்கு, உங்கள் ரிஸ்க் ஸ்கோர். சென்னையில் மருத்துவர் வி.மோகன் குழு உருவாக்கிய இந்திய நீரிழிவு ரிஸ்க் ஸ்கோருக்கு ஊசிகூடத் தேவையில்லை. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. இடுப்பு எல்லைக்குள் இருந்தால் 0, எல்லையைத் தொட்டு 10 செ.மீ-க்குள் இருந்தால் 10, அதற்கும் மேல் 20. உடற்பயிற்சி, கடின உழைப்பு இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டுமே இல்லையென்றால் 30. அப்பா, அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து அதிகம்.

நம் 35 வயது நண்பருக்கு இடுப்பு 93 செ.மீ, உட்கார்ந்த வேலை, அம்மாவுக்குச் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் 20, 10, 30, 10, மொத்தம் 70. பி.எம்.ஐ 'நார்மல்' என்று சொன்ன அதே ஆள்தான். அவர் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கத் தொடங்கி, இடுப்பை 90-க்குக் கீழே கொண்டுவந்தால் இதே ஸ்கோர் 50 ஆகிவிடும். வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. மாற்ற முடிந்த இரண்டில் 20 புள்ளி இருக்கிறது.

ஸ்கோர் 60-ஐத் தொட்டிருந்தால் மருத்துவரிடம் பேசி, வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ1சி பரிசோதனையும் எடுங்கள். அதில் 5.7 முதல் 6.4 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. திருப்ப வாய்ப்பு அதிகமாக இருக்கும் கட்டம் அதுதான்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். மெயிலில் கிடக்கும் கடந்த நான்கைந்து வருட ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட்டுகளைத் திறந்து, எடை, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல் ஆகிய ஐந்தையும் வருடவாரியாக ஒரே ஷீட்டில் போடுங்கள். தனித்தனியாக 'நார்மல்' என்று தெரிந்த எண்கள் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த ஷீட்டையும் காட்டுங்கள்.